இருபதுக்கு இருபது ஆனால்

புதிய ஊரில் போய் இறங்கினால் முதலில் சோறு எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பேன். அடுத்தது படுக்க இடம். மூன்றாவதாக நான் கேட்பது பலருக்குச் சிரிப்பை வரவழைத்திருக்கிறது. இங்கே யாராவது பேட் பிடித்து ஆடுகிறார்களா, ஆடினால், இரண்டு பக்கமும் சமமாக வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

பள்ளிக்கூடம் எனக்கு எட்டாம் வகுப்போடு நின்றது. பெரிய காரணம் ஒன்றுமில்லை. வீட்டில் ஆறு பேர், வேலைக்குப் போகக்கூடியவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவன் நான். அதன்பிறகு முப்பது வருடத்துக்கும் மேலாகப் பல ஊர், பல வேலை. எங்கே போனாலும் பொழுது சாயும்போது யாரோ இரண்டு பேர் ஒரு வலையைக் கட்டி எதிரெதிராக நிற்பார்கள். நான் நன்றாக ஆடுகிறவன் இல்லை. ஓரமாக உட்கார்ந்து எண்ணிக்கை சொல்லுவேன். ஆடத் தெரியாதவனிடம் எண்ணும் வேலையைக் கொடுப்பது எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் இருந்தது.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தபோது இது தொடங்கியது. கம்பெனிக்குப் பின்னால், சாயத் தண்ணீர் காய்ந்து நீலம் பாரித்த தரையில் ஷட்டில் ஆடுவார்கள். அப்போது ஆட்டம் பதினைந்து புள்ளி. பதினாலுக்குப் பதினாலு வந்துவிட்டால், யார் முதலில் பதினாலைத் தொட்டார்களோ அவர்களிடம் கேட்பார்கள், ஒன்றா மூன்றா என்று. ஒன்று என்றால் அடுத்த புள்ளியோடு ஆட்டம் முடிந்தது. மூன்று என்றால் முதலில் மூன்று புள்ளி எடுத்தவர் வென்றார். ஏன் முதலில் தொட்டவனுக்கு அந்த உரிமை என்று பல நாள் யோசித்தேன். முதலில் தொட்டவன் முன்னால் ஓடிக்கொண்டிருந்தவன். பின்னால் வந்தவன் துரத்திப் பிடித்துவிட்டான். பிடிபட்டவன் மூச்சு விட்டுக்கொள்ள ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். தோற்கப் போன யாரோ ஒருவர் எழுதிய விதியாகவும் இருக்கலாம். துணி அடுக்குகிறவனுக்கு யோசிக்க நிறைய நேரம் உண்டு.

பிறகு கோயம்புத்தூரில் ஒரு டென்னிஸ் மைதானத்தில் உருளை இழுத்தேன். அங்கே சமம் வந்தால் அடுத்தடுத்து இரண்டு புள்ளி எடுக்க வேண்டும் என்பது வழக்கம். ஒருவர் ஒன்று எடுப்பார், மற்றவர் அதை அழிப்பார், கால் மணி நேரம் ஓடும். அவசரக்காரர்கள் வேறு விதமாக ஆடினார்கள். ஒரே புள்ளிதான், ஆனால் பந்தை வாங்குகிறவர் தான் வலது பக்கம் நின்று வாங்குவதா இடது பக்கம் நின்று வாங்குவதா என்று தானே சொல்லிக்கொள்ளலாம். போடுகிறவருக்கு எப்போதும் பலம் கூடுதல். அதனால் வாங்குகிறவருக்குத் தேர்வு. இது எனக்குப் பிடித்திருந்தது.

மும்பையில் நாலு சுவருக்குள் ரப்பர் பந்தை அடிக்கிற விளையாட்டு. சுவரில் விழும் கறுப்புத் தடங்களைத் துடைப்பது என் வேலை. அங்கே வயதானவர்கள் ஒன்பது புள்ளிக்கு ஆடுவார்கள். எட்டுக்கு எட்டு ஆனதும் வாங்குகிறவர் விரலைக் காட்டுவார். ஒரு விரல் என்றால் ஒன்பதில் முடியும், இரண்டு விரல் என்றால் பத்தில். பிறகு போன வளைகுடாவில் எங்கள் கம்பெனி படுத்துவிட்டது. ஊர் திரும்ப டிக்கெட்டும் இல்லாமல் கேம்ப்பில் ஏழு வாரம் கிடந்தோம். அந்த ஏழு வாரமும் இரண்டு ஷெட்டுக்கு நடுவில் இருந்த சிமெண்டுத் தரையில் ஷட்டில்தான். அதற்குள் உலகம் முழுக்க இருபத்தொரு புள்ளிக்கு மாறியிருந்தது. இருபதுக்கு இருபது ஆனால் இரண்டு புள்ளி கூடுதல் எடுக்க வேண்டும். அப்படியே முடியாமல் போய் இருபத்தொன்பதுக்கு இருபத்தொன்பது ஆகிவிட்டால் அடுத்த ஒரே புள்ளி. அதை ஒரு வெள்ளிக்கிழமை நேரிலேயே பார்த்தேன். அன்று மதியம் எங்களுக்குச் சாப்பாடு வரவில்லை. அந்த ஆட்டம் முடிகிறவரை யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இந்த விதிகளையெல்லாம் சுமந்துகொண்டு ஊர்ப்பக்கம் திரும்பினேன். வேறு சுமை அதிகம் இல்லை.

இராஜாக்கமங்கலத்துக்குத் தெற்கே, கடலுக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்புக்குக் காவல் வேலை கிடைத்தது. தோப்புக்காரர் வெளிநாட்டில் இருந்தார். பம்ப்செட் அறையில் எனக்குக் கட்டில். தோப்பின் நடுவில் ஏழெட்டு மரம் பட்டுப்போய் வெட்டின இடத்தைச் செம்மண் போட்டு இறுக்கி, இரண்டு கம்பம் நட்டு வலை கட்டியிருந்தார்கள். ஆட்டக்களத்தைத் தெற்கு வடக்காகப் போட்டால்தான் யார் கண்ணிலும் வெயில் அடிக்காது. இங்கே மர வரிசைக்கு ஏற்றபடி கிழக்கு மேற்காகக் கிடந்தது. ஓரங்களில் தென்னை ஓலை கொஞ்சம் தாழ்ந்து நிற்கும். ஷட்டில் ஓலையில் பட்டால் அந்தப் புள்ளியை மறுபடி ஆட வேண்டும், இது இந்தத் தோப்பின் சொந்த விதி.

இரண்டு கூட்டத்தார் ஆடினார்கள். விடிகாலையில் உத்தியோகக்காரர்கள் வருவார்கள். அவர்களில் தவறாமல் வருகிறவர்கள் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் ஒரு வங்கிக்காரரும். வாத்தியார் மெலிந்த ஆள், பேச்சு குறைவு. வங்கிக்காரர் தடித்த தோள், பேச்சு அதிகம். சாயங்காலம் முந்திரி ஆலைக்கு வேலைக்குப் போகிற பெண்கள் நாலு பேர் வருவார்கள். ஆலை வேன் ஐந்தரைக்கு ஜங்ஷனில் இறக்கிவிடும். வீட்டுக்குப் போகாமல் நேரே தோப்புக்கு வந்து, நைட்டிக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, முக்கால் மணி நேரம் ஆடிவிட்டுப் போவார்கள். அவர்களில் மூத்தவரைத் தோப்பில் எல்லாரும் அக்கா என்பார்கள். என்னைவிட இளையவர்தான், ஆனாலும் இங்கே நானும் அக்கா என்றே சொல்கிறேன். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுப்பட்டு அவர் விரல்கள் கறுத்திருக்கும். அவரோடு எப்போதும் ஒரே பக்கம் நின்று ஆடுகிறவள் கல்யாணமாகி இரண்டு வருடமான ஒரு பெண். இளையவள் என்று அவளைச் சொல்கிறேன்.

வந்த முதல் வாரமே வாத்தியாரிடம் என் கேள்வியைக் கேட்டேன். இருபதுக்கு இருபது ஆனால் இங்கே என்ன?

"சமம்னா சமம்தான் அண்ணாச்சி" என்றார். "பேட்ட தோள்ல போட்டுட்டு டீ குடிக்கப் போவோம்."

"அப்பம் யாரு ஜெயிச்சது?"

"யாரும் ஜெயிக்கல்ல. யாரும் தோக்கவும் இல்ல. ஏழு மணிக்கு மேல யாருக்கு நேரம் கெடக்கு? குளிக்கணும், பஸ்ஸு பிடிக்கணும்."

இத்தனை ஊர் சுற்றியும் இப்படி ஒரு விதியை நான் கண்டதில்லை. சமத்தை உடைக்க எல்லாரும் வழி தேடிக்கொண்டிருக்க, இவர்கள் அதை அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். கொஞ்ச நாள் இதுதான் எல்லாவற்றிலும் நல்ல விதி என்று நினைத்திருந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்று தொடங்கிவிட்டால் அதற்கு ஓய்வு கிடையாது. விடிகாலையில் மட்டும் ஒரு மணி நேரம், சில நாள் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, ஓலை அசையாமல் நிற்கும். ஏழு மணி வாக்கில் மெல்லத் தொடங்கி, மத்தியானத்துக்கு மேல் ஆளைத் தள்ளும். சாயங்காலம் பெண்கள் வரும்போது தோப்பு முழுக்க இரைச்சலாக இருக்கும். ஷட்டில் என்பது ஒரு கைப்பிடி இறகு. பிளாஸ்டிக் ஷட்டிலும் காற்றுக்கு முன்னால் அதே கதிதான். அவர்கள் அடித்தது ஓரிடம், விழுந்தது ஓரிடம். ஒரு நாள் மூன்று ஷட்டில் ஓலையில் போய்ச் செருகிக்கொண்டது. நான் அலக்குக் கம்பை எடுத்துக் குத்தித் தள்ளிக்கொண்டிருந்தேன். அக்கா கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"அண்ணே, நான் அடிச்ச எடத்துக்கு அது போவணும். ஒரு நாளாவது போவணும். இது எங்க போவணும்ணு காத்துல்லா சொல்லுது."

"காலம்பற வந்தா காத்து இல்ல" என்றேன்.

"காலம்பற அவிய ஆடுகாவ. நாங்க நாலு மணிக்கு எந்திச்சா ஆறு மணிக்குள்ள சோறு, கறி எல்லாம் ஆயிரும். ஏழே காலுக்குத்தான் வேனு. கேட்டுப் பாக்கட்டா?"

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாத்தியாரும் வங்கிக்காரரும் பைக்கில் தோப்பு வழியாக வந்தார்கள். அக்கா போய்க் கேட்டார். வாரத்தில் மூன்று நாள் விடிகாலை நேரத்தை எங்களுக்கு விட்டுத்தர முடியுமா என்று.

வங்கிக்காரர் சிரித்தார். "ஒங்களுக்கு என்ன, ஒலிம்பிக்கா வருகு? சாயங்காலம் நல்லா காத்தாடதான ஆடுகிய."

"காத்தாட நீங்க ஆடிப் பாருங்க சார்" என்றாள் இளையவள்.

"கேட்டீரா சாரே, பிள்ளைக்க வாய? செரி, ஒரு ஆட்டம். நாளைக்கு ரெண்டாம் சனி. பேங்கு இல்ல, சாருக்கும் பள்ளிக்கூடம் இல்ல. எங்க ரெண்டு பேர ஜெயிச்சிருங்க, மூணு நாளு காலம்பற ஒங்களுக்கு. ஜெயிக்கல்லன்னா இந்தப் பேச்சு இதோட போச்சு."

அக்கா அவரை நேராகப் பார்த்தார். "வாக்கு மாற மாட்டியளே?"

"அண்ணாச்சி சாட்சி" என்று வங்கிக்காரர் என்னைக் காட்டினார். "அவருதான் எண்ணுவாரு."

அங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். ஊர் ஊராக அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு திரிந்தவன், கேட்கவேண்டிய அந்த நேரத்தில் கேட்கவில்லை. சமமாக வந்தால் என்ன என்பதை ஆட்டத்துக்கு முன்னால் பேசி வைத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை ஐந்தே முக்காலுக்கே அக்காவும் இளையவளும் வந்துவிட்டார்கள். சாப்பாட்டுப் பாத்திரப் பைகளைத் தென்னைமூட்டில் வைத்துவிட்டு நின்றார்கள். ஓலை ஒன்று கூட அசையவில்லை. வாத்தியார் ஆறு மணிக்கு வந்தார். வங்கிக்காரர் வரவில்லை. ஆறரை ஆகும்போது பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். டயரில் ஆணி.

"சவம், இன்னைக்குன்னு பாத்து" என்று பைக்கை மரத்தில் சாய்த்தார்.

"எங்களுக்கு ஏழே காலுக்கு வேனு சார்" என்றார் அக்கா.

"அதுக்கு முன்னாலயே ஒங்கள அனுப்பி வச்சிருகேன், பயப்படாதீங்க."

ஆண்கள் கிழக்குப் பக்கம், பெண்கள் மேற்குப் பக்கம். ஒரே ஆட்டம், இருபத்தொன்று. நடுவில் பக்கம் மாறுகிற வழக்கம் இந்தத் தோப்பில் இல்லை. நான் தென்னோலை ஈர்க்கில் துண்டுகளை மண்ணில் குத்தி எண்ணுவேன், இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை. வாயால் சொல்வதை மறுத்துப் பேசலாம், குத்தின ஈர்க்கிலை யாரும் மறுக்க மாட்டார்கள்.

அசையாத காற்றில் ஆண்கள் சுலபமாக ஆடினார்கள். வங்கிக்காரர் தோளைச் சுழற்றி அடித்தால் அது பின்கோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே போய் விழும். வாத்தியார் வலைக்குப் பக்கத்தில் நைசாகத் தட்டி வைப்பார். அக்காவுக்கும் இளையவளுக்கும் அந்தக் காலை நேரம் புதிது. அடித்ததெல்லாம் கொஞ்சம் கூடியோ குறைந்தோ போனது. என் ஈர்க்கில் வரிசை பதினேழுக்குப் பதினொன்று காட்டியது.

அப்போது மேற்கே முதல் ஓலை அசைந்தது. பிறகு ஒரு வரிசை முழுக்க. அக்கா திரும்பிப் பார்த்தார். பேட்டைக் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். இருவரும் வீச்சைப் பாதியாகக் குறைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் காற்று இருக்கும்போது தட்டினால் போதும், தாழ்வாக, மீதியைக் காற்று கொண்டுபோகும். ஆண்கள் காற்றுக்கு எதிராக அடித்த ஷட்டில் வலையைத் தாண்டித் தாண்டாமல் தொங்கியது. அதை இளையவள் ஓடிவந்து ஓடிவந்து அமுக்கினாள். இருபதுக்குப் பதினெட்டு. இருபதுக்குப் பத்தொன்பது. இருபதுக்கு இருபது.

வாத்தியார் வழக்கப்படி பேட்டைத் தோளில் போட்டார். "சமம்" என்றார். வங்கிக்காரர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். இரண்டு பேரும் டீக்கடைப் பக்கம் நாலு அடி வைத்தும் விட்டார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை. வருடக்கணக்கில் இருபதுக்கு இருபது என்று கேட்டால் கால் தானாக அந்தப் பக்கம் போய்ப் பழகியிருந்தது.

"சார், எங்க போறிய?" என்றார் அக்கா.

"சமம்லா" என்றார் வங்கிக்காரர்.

"சமம்னா காலம்பற நேரம் யாருக்கு?"

"அது இப்பம் இருக்க மாதிரியே இருக்கட்டும்."

"அப்பம் அது சமம் இல்ல சார். அது நீங்க ஜெயிச்சது."

நல்ல விதி என்று நான் நினைத்துவைத்திருந்தது அந்த ஒரு நிமிடத்தில் எனக்குக் கெட்டுப்போனது. ஒரு பக்கத்தார் கையில் ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கும்போது சமம் என்று சொல்வது அந்தப் பொருளை அவர்களிடமே விட்டுவிடுவது. இதை நான் எந்த ஊரிலும் யோசித்ததில்லை, ஏனென்றால் நான் பார்த்த ஆட்டங்களில் பெரும்பாலும் யார் கையிலும் ஒன்றும் இருந்ததில்லை.

வாத்தியார் திரும்பி வந்தார். "அந்த அக்கா சொல்லுகதுல ஞாயம் இருக்கு" என்றார் வங்கிக்காரரிடம். பிறகு என்னிடம், "அண்ணாச்சி, நீரு ஊரெல்லாம் சுத்துன ஆளு. மத்த எடத்துல என்ன செய்வாவ?"

சொன்னேன். கேம்ப்பில் பார்த்த இரண்டு புள்ளி வித்தியாசம், டென்னிஸின் ஒற்றைப் புள்ளி, மும்பையின் விரல்கள், திருப்பூரின் ஒன்றா மூன்றா. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வங்கிக்காரர் சட்டென்று திருப்பூரைப் பிடித்துக்கொண்டார். "மொதல்ல இருபத தொட்டது நாங்கதான. அப்பம் சொல்லுக உரிமை எங்களுக்கு."

"வாங்குகவங்களுக்குத்தான் உரிமைன்னும் அண்ணன் சொன்னாரே" என்றாள் இளையவள்.

"ஏட்டி, இப்பம் போடுகது நாமதான். வாங்குகது அவிய" என்றார் அக்கா.

"அப்பம் அந்த விதி வேண்டாம்" என்றாள் இளையவள் உடனே. வாத்தியார்கூடச் சிரித்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எண்ணிக்கை தெரிந்த பிறகு, காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகு, எந்த விதியைச் சொன்னாலும் நான் ஒரு பக்கத்தாரை ஜெயிக்க வைக்கிறேன். இரண்டு புள்ளி வித்தியாசம் என்றால் முடியாமல் இழுக்கலாம், வேன் போய்விடும், மறுபடி சமம், மறுபடி ஆண்களுக்கு. பெண்கள் இருந்த இடத்திலிருந்தே ஆடட்டும் என்றால், காற்றை அவர்கள் கையில் கொடுத்துவிட்டாய் என்று வங்கிக்காரர் சொல்லுவார். மணி ஏழுக்கு ஐந்து நிமிடம்.

அப்போது நினைவுக்கு வந்தது ஷட்டிலே இல்லை, மீன். தோப்பிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் கடற்கரை. கறிக்கு மீன் வாங்கப் போகும்போது பார்த்திருக்கிறேன், ஒரு வள்ளத்தில் போனவர்கள் பங்கு பிரிக்கும்போது ஒருவர் மீனைக் கூறு கூறாக வைப்பார். மற்றவர்கள் தங்கள் கூறை எடுப்பார்கள். கூறு வைத்தவர் கடைசியில் மிஞ்சுவதை எடுப்பார். அதனால் அவர் எந்தக் கூறையும் பெரிதாக வைக்கமாட்டார்.

"ஒரு பக்கத்தாரு புள்ளி எத்தனைன்னு சொல்லணும், ஒண்ணா மூணான்னு" என்றேன். "மத்தப் பக்கத்தாரு எந்தப் பக்கம் நிக்கதுன்னு எடுக்கணும். மீன் கூறு வைக்க மாதிரி."

வாத்தியார் யோசித்தார். "கொள்ளாம்" என்று தலையாட்டினார்.

"பக்கத்த நாங்க எடுக்கோம்" என்றார் வங்கிக்காரர், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே.

அக்கா மேற்கே ஓலைகளைப் பார்த்தார். "மூணு" என்றார்.

"வேனு வந்திரும்க்கா, ஒண்ணே போதும்" என்றாள் இளையவள்.

"ஒண்ணுன்னா காத்து ஜெயிச்சிரும். மூணுன்னா நாம ஜெயிக்கலாம்."

வங்கிக்காரர் மேற்குப் பக்கத்தை எடுத்தார். அவர் கணக்கு எனக்கு விளங்கியது. பெண்கள் அந்தப் பக்கம் நின்றுதான் பதினொன்றிலிருந்து இருபதுக்கு ஏறி வந்தார்கள். அப்படியானால் காற்று முதுகில் இருப்பதுதான் பலம். "காத்து நமக்குப் பொறத்தால சாரே, பேசாம அடியும்" என்று வாத்தியாரின் தோளில் தட்டினார். வருடக்கணக்கில் காற்றில்லாத நேரத்தில் மட்டும் ஆடினவர் செய்யக்கூடிய கணக்கு அது. எண்ணுகிறவன் வாய் திறக்கக் கூடாது. நான் இருபது ஈர்க்கில்களையும் இரண்டு பக்கமும் அப்படியே விட்டு, புதிதாகக் கையில் ஐந்து துண்டை எடுத்துக்கொண்டேன்.

அக்கா போட்டார். வங்கிக்காரர் எப்போதும்போலத் தோளைச் சுழற்றி அடித்தார். ஷட்டில் பெண்களின் தலைக்கு மேல், பின்கோட்டுக்கு மேல், என் பம்ப்செட் அறைப் பக்கம் போய் விழுந்தது, புள்ளி பெண்களுக்கு. ஒன்று.

அடுத்ததை வாத்தியார் கவனமாக வலையோரம் தட்டினார். இளையவள் எடுத்தாள், எதிர்க்காற்று அதை வலையிலேயே நிறுத்திவிட்டது. ஒன்றுக்கு ஒன்று. மூன்றாவது புள்ளியில் அக்கா முழுக்கையால் உயர்த்தி அடித்தார். மேற்கே நின்றவர்களுக்கு நேரே கிழக்கு. மரங்களுக்கு நடுவே வெயில் கீழாக வந்துகொண்டிருந்தது. வாத்தியார் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துத் தேடினார். ஷட்டில் அவர் காலடியில் விழுந்தது.

"சாரே, எங்க பாக்கீரு?"

"சூரியனப் பாக்கேன் ஓய், வேற எங்க பாக்க?"

இரண்டுக்கு ஒன்று. அடுத்ததில் இளையவள் அவசரப்பட்டு வலையில் அடித்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டுக்கு இரண்டு.

ஜங்ஷனில் வேன் ஹாரன் கேட்டது. ஒரு நீளம், ஒரு குட்டை. அந்த டிரைவர் மூன்றாவது முறை அடித்தால் கிளம்பிவிடுவார் என்பது எனக்கே தெரியும். இளையவள் பைகளைப் பார்த்தாள். அக்கா பார்க்கவில்லை.

வங்கிக்காரர் போட்டார். இரண்டு மூன்று முறை அங்கும் இங்கும் போனது, பிறகு ஓலையில் பட்டது. மறுபடி. மறுபடியும் ஓலை. மறுபடி. இரண்டாவது ஹாரன். இந்த முறை அக்கா போதுமான பலத்தோடு அடித்து வங்கிக்காரரைப் பின்கோடு வரை ஓட வைத்தார். அவர் அங்கிருந்து உயர்த்தி அடித்தார். நல்ல அடி. காற்றில்லாத நேரமாக இருந்தால் அது பின்கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே விழுந்திருக்கும். இளையவள் பின்னால் ஓடிக்கொண்டே பேட்டை ஓங்கினாள்.

"விடுட்டி!" என்று அக்கா கத்தினார்.

ஓங்கின பேட்டு அப்படியே நின்றது. ஷட்டில் அவள் தலைக்கு மேல் போய், கொஞ்சம் நிற்பதுபோல நின்று, நகர்ந்து விழுந்தது. நான் போய்ப் பார்ப்பதற்குள் வாத்தியார் வலைக்கு அடியில் குனிந்து வந்துவிட்டார். சுண்ணாம்புக் கோட்டில் விரலை வைத்து அளந்தார்.

"ஒரு சாண் வெளிய" என்றார்.

வங்கிக்காரரும் வந்து பார்த்தார். அந்த ஒரு சாணை ரொம்ப நேரம் பார்த்தார். "திங்க, பொதன், வெள்ளி" என்றார், யாரையும் பார்க்காமல். பெண்கள் அதைக் கேட்டார்களோ இல்லையோ, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஜங்ஷனைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையை மறந்துவிட்டார்கள். அதிலிருந்த சோற்றை மத்தியானம் நான் சாப்பிட்டேன், கெட்டுப்போக விடவா முடியும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய தகரத்தில் தாரால் எழுதி மரத்தில் கட்டினேன். இருபதுக்கு இருபது ஆனால் ஒரு பக்கம் எண்ணிக்கை சொல்லும், மறு பக்கம் இடம் எடுக்கும். யார் சொல்வது, யார் எடுப்பது என்பதை எழுத இடம் போதவில்லை. ஒருவேளை அதற்கும் ஒரு விதி வேண்டியிருக்கும். எந்தப் புத்தகத்திலாவது இப்படி ஒன்று இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அடுத்துப் போகிற ஊரில் கேட்பேன்.

திங்கட்கிழமை நாலு பெண்களும் ஐந்தே முக்காலுக்கு வந்தார்கள். தோப்பு முழுக்க ஓர் ஓலைகூட அசையவில்லை. நான் ஈர்க்கிலை ஒடித்துத் தயாராக உட்கார்ந்தேன். எதிர்ப்பக்கத்திலிருந்து ஷட்டில் உயரமாக வந்தது. இளையவள் பின்னால் ஓடினாள்.

"விடுட்டி!" என்றார் அக்கா.

அவள் விட்டாள். அது நேரே இறங்கிக் கோட்டுக்கு உள்ளே விழுந்தது. இளையவள் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். அடுத்ததை அக்காவே அடித்தார், இல்லாத காற்றுக்காக ஒரு கை தள்ளி. அது அவர் பார்த்த இடத்துக்கு அப்படியே போய், களத்துக்கு வெளியே விழுந்தது.

"போகுது அண்ணே" என்றார் அக்கா. கறுத்த விரல்களால் பேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடிச்ச எடத்துக்குத்தான் போகுது. நான்தான் வேற எங்கயோ அடிக்கேன்."

பிறகு என் கையிலிருந்த ஈர்க்கில்களைப் பார்த்தார்.

"இன்னைக்கு எண்ண வேண்டாம் அண்ணே."

குத்தியிருந்த இரண்டையும் பிடுங்கிப் போட்டேன். அவர்கள் வேன் வருகிறவரை ஆடினார்கள்.